எழுபது வளைவுச் சீட்டு

எங்கள் வேனில் சிக்கனத்துக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். புதிதாக யாராவது வந்து சேர்ந்தால் டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "டீச்சரப் பாருங்க. மூணு சீட்டு முடிஞ்சுது. மூணுலயும் கடைசி ஆளாத்தான் எடுத்தாங்க. பொறுமைன்னா அதுதானுங்க பொறுமை." நான் முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடக்கமாகத் தலையை ஆட்டுவேன். வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. திறந்தால் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிடும்.

நான் கொல்லிமலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. வீடு கீழே சேந்தமங்கலத்தில். காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீ, அடுத்து அடிவாரம், அதற்குப்பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் பலகைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒவ்வொன்றும் ஒரு கண்டம். நான்காவது வளைவில் என் வாய் மூடும். எழுபது தாண்டி, சோளக்காடு என்ற ஊரில் பலாப்பழ வாடை அடிக்கும்போதுதான் மறுபடி திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் என்னை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வேனில் டிரைவரோடு சேர்த்து இருபது பேர். பெரும்பாலும் ஆசிரியர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர், மூன்று நான்கு அலுவலகக்காரர்கள். இருபது பேருக்கும் சேர்த்து ஓர் ஏலச்சீட்டு. ஆளுக்கு மாதம் பத்தாயிரம், இருபது மாதம், சீட்டுத் தொகை இரண்டு லட்சம். முதல் மாதம் நடத்துகிறவருக்கு, அதாவது டிரைவர் அண்ணனுக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். பணம் அவசரமாக வேண்டியவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்வார். அதற்குத் தள்ளு என்று பெயர். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. அவர் தள்ளிய பணம் இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் கட்ட வேண்டியது ஆளாளுக்குக் குறையும். கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளாமல் இரண்டு லட்சம் முழுசாக வரும்.

இது ஊர் உலகத்தில் இருக்கிற சீட்டுத்தான். எங்கள் சீட்டுக்கு மட்டும் உள்ள விசேஷம், ஏலம் வேன் மலை ஏறும்போது நடக்கும். ஆரம்பத்தில் டீக்கடையில்தான் நடத்தினார்களாம். சம்பளக்காரர்கள் பேச ஆரம்பித்தால் முடிப்பார்களா? டீ ஆறி, பள்ளிக்கூடத்து மணி அடித்து, தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கிய பிறகு டிரைவர் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். முதல் வளைவில் ஏலம் ஆரம்பம். எழுபதாவது பலகையைத் தாண்டும்போது யார் சொன்ன தொகை அதிகமோ அவருக்குச் சீட்டு. நடுவில் யாரும் இறங்கிப் போக முடியாது. மலைமேல் போன் எடுக்காது என்பதால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்கவும் முடியாது. அவரவர் வாயால் சொன்னால்தான் செல்லும், கை தூக்கினால் செல்லாது. ஒருமுறை வாந்தி எடுக்கக் கவர் கேட்டுக் கை தூக்கிய ஒருவர் தலையில் சீட்டைக் கட்டிவிட்டுப் பெரிய சண்டையான பிறகு வந்த விதி இது.

இப்போது என் பொறுமையின் ரகசியம் விளங்கியிருக்கும். முதல் மூன்று வளைவுகளில் நான் ஏதாவது கேட்டாலும் மிச்ச அறுபத்தேழு வளைவுகளுக்கு மற்றவர்கள் அதன்மேல் ஏறிக்கொண்டே போவார்கள். நான் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஆக ஐந்து வருடத்தில் மூன்று முறை முழு இரண்டு லட்சம் என் கைக்கு வந்தது. அதில் வீட்டுக் கடனை அடைத்தேன், நகை செய்தேன். பேரும் வாங்கினேன். ஆசிரியர்களுக்கான ஒருநாள் கூட்டத்தில் சம்பளக்காரரின் சேமிப்பு பற்றி அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். ஆசை வேறு, தேவை வேறு, தேவையைத் தள்ளிப்போடத் தெரிந்தவரே செல்வந்தர் என்றெல்லாம் பேசினேன். கைதட்டினார்கள். ஊருக்கு உபதேசம் செய்வதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. என் சேமிப்புக்கு மொத்தக் காரணம் பலவீனமான ஒரு வயிறு என்பதை நான் சொல்லவில்லை.

வேனில் எல்லாம் பேசுவோம். யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருடைய மாமியார் எந்தக் காலை நொண்டுகிறார், யார் வீட்டில் கொத்தமல்லித் தொக்கு கெட்டுப்போனது, எல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. ஒருவர் மனை வாங்கினால் மூன்று மாதத்தில் நான்கு பேர் அதே இடத்தில் மனை வாங்குவார்கள். மனை விலை தெரியும், மனை எந்தத் திசை பார்த்தது என்று தெரியும். அதற்கு வாங்கிய கடன் எவ்வளவு, அதில் எத்தனை தவணை நிற்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைக் கேட்பது ஒருவரின் உள்பாவாடை நிறத்தைக் கேட்பது போல எங்களுக்கு.

நாலாவது சீட்டின் ஐந்தாவது மாதத்தில் எனக்குப் பணம் தேவைப்பட்டது. ஆசை இல்லை, தேவை.

என் கணவர் கீழே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். மாதம் ஐம்பதாயிரம் சம்பளம். அந்தச் சம்பளம் ஆறு மாதமாக வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று கல்லூரி சொல்லிக்கொண்டிருந்தது. இவரும் தினமும் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸில் தக்காளிச் சாதம் வாங்கிக்கொண்டு, சம்பளமில்லாத வேலைக்கு நேரம் தவறாமல் போய்வந்தார். சொந்தக்காரர்களிடம் மூச்சு விடவில்லை. என் நகைகளை வேறு ஊரில், தெரிந்தவர் யாரும் வராத வங்கியாகப் பார்த்து அடகு வைத்துவிட்டு வந்தோம். வெறும் கழுத்தோடு வேனில் ஏறினால் நர்ஸ் சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று கவரிங் சங்கிலி ஒன்று வாங்கினேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "புது மாடலுங்களா டீச்சர், எத்தன பவுனு?" என்று கேட்டார். மூன்று என்றேன். கூசாமல் சொன்னேன்.

அந்த நிலையில் இவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. பதினைந்து நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். அசல் சான்றிதழ்கள் பழைய கல்லூரியின் பீரோவில். வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் விட்டுப் போனால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத்தான் சான்றிதழை எடுக்க முடியும் என்று அப்போது கையெழுத்தும் போட்டிருக்கிறார். மூன்று மாதம் என்றால் ஒன்றரை லட்சம். அதைக் கட்டினால் வேலை, கட்டாவிட்டால் மறுபடி தக்காளிச் சாதம்.

நகை போய்விட்டது. இருந்த கொஞ்சநஞ்ச சேமிப்பை ஆறு மாதம் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது சீட்டு. இரண்டு லட்சத்தில் ஐம்பதாயிரம் வரை தள்ளினாலும் எனக்கு ஒன்றரை கிடைக்கும். கணக்கு சரியாக இருந்தது. அந்தக் கணக்கை எழுபது வளைவுகளில் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதுதான் சிக்கல். சிஸ்டரை எனக்காகக் கேட்கச் சொல்லலாமென்றால் விதி இடம் கொடுக்காது. விதி இடம் கொடுத்தாலும் மூன்று பவுன் சங்கிலி இடம் கொடுக்காது.

ஏல நாள் காலையில் இட்லியைத் தொடவில்லை. மாத்திரை போட்டேன். இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டேன். டீக்கடையில் டீயும் குடிக்கவில்லை. "விரதமுங்களா டீச்சர்?" என்று எங்கள் பள்ளி இயற்பியல் சார் கேட்டார். வேனில் நல்ல உடை உடுத்துகிற ஒரே ஆண் அவர்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய கடிகாரம். பல நாள் சொந்தக் காரில் மலை ஏறுவார். கார் சர்வீஸுக்குப் போயிருப்பதாகச் சொல்லி அந்த ஒரு மாதமாக வேனில் வந்துகொண்டிருந்தார். டீக்கடையில் எல்லோருக்கும் அவரே காசு கொடுப்பார். அன்றும் கொடுத்தார்.

முதல் வளைவில் யாரும் வாய் திறக்கவில்லை. பள்ளிக் கட்டணம், பண்டிகை எல்லாம் ஓய்ந்த மாதம், போட்டி இருக்காது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வளைவில் பின்சீட்டிலிருந்து இயற்பியல் சார், "அஞ்சாயிரம்" என்றார். குறைந்தபட்சத் தள்ளே ஐந்தாயிரம்தான். "அஞ்சாயிரம் ஒரு தரம்" என்று டிரைவர் அண்ணன் கியர் மாற்றினார். வேறு யாரும் கேட்காவிட்டால் அந்த ஐந்தாயிரத்தோடு சீட்டு முடிந்துவிடும். நாலாவது வளைவில் நான் கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஆறு."

பக்கத்தில் இருந்த சிஸ்டர் உடனே கவரை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் கவரைத் தள்ளிவிட்டு, "ஆறாயிரம்" என்றேன். டிரைவர் அண்ணன் வளைவைக் கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டு, எதிரே வந்த லாரிக்காரனிடம் வசவு வாங்கினார்.

"டீச்சருங்களா கேட்டது?"

"ஏன், நான் கேக்கக் கூடாதா?" என்று சீறலாம் என்று இருந்தது. சீறினால் என்ன வெளியே வரும் என்று தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். "எட்டு" என்றார் இயற்பியல் சார்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது உயிர் போனது. அவர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குடல் தொண்டைக்கு வரும். ஒரு வளைவு முழுவதும் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பேன். அடுத்த நேர்ச்சாலையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் என் எண்ணைச் சொல்வேன். சிஸ்டருக்குப் பாவமாக இருந்தது போலும். அவர் கொல்லிமலையின் பெரக்கரை நாட்டுக்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்து பிறகு கீழே குடிவந்தவர், வளைவு அவர் வயிற்றைத் தொடாது. பையிலிருந்து இரண்டு மிளகை எடுத்து என் வாயில் போட்டார்.

"கடிச்சுக்குங்க சாமி. எங்க தோட்டத்து மிளகுதான், வயிறு அடங்கும். எதுக்குங்க இந்தப் பாடு, உங்குளுக்குத்தான் கடைசி மாசம் முழுசா வருமில்ல?"

மிளகு காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது வசதியாகப் போயிற்று.

முப்பதாவது வளைவில் இருபத்தைந்தாயிரம். நாற்பத்தைந்தாவது வளைவில் முப்பத்தெட்டு. வேன் உற்சாகமாகிவிட்டது. தள்ளு ஏற ஏற எல்லோருக்கும் கட்ட வேண்டியது குறைகிறதல்லவா? "விடாதீங்க சார்", "டீச்சர், இன்னும் ரெண்டு சேத்துங்க" என்று இரண்டு பக்கமும் கொம்பு சீவினார்கள். நானும் போன மாதம் வரை அப்படித்தான் மனதுக்குள் சீவிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்றாவது வளைவில் என் கடைசி எண்ணுக்கு வந்தேன். "ஐம்பதாயிரம்."

"அறுபது" என்றார் அவர்.

ஐம்பத்தொன்று அல்ல, ஐம்பத்தைந்து அல்ல. ஒரே தாவில் பத்தாயிரம். வேனில் கைதட்டல். வேலை போயிற்று, சான்றிதழ் போயிற்று, மறுபடியும் தக்காளிச் சாதம். ஆத்திரத்தில் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பின்னால் திரும்பினேன். வளைவில் திரும்பிப் பார்ப்பது என் மாதிரி ஆள் செய்யவே கூடாத காரியம். "அண்ணா, நிறுத்துங்க" என்றுதான் சொல்ல முடிந்தது.

அறுபத்தாறாவது வளைவில் வேன் நின்றது. இறங்கி ஓடித் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இல்லாததை எல்லாம் வாந்தி எடுத்தேன். சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு, கையிலிருந்த என் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தது. யாரோ பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். இயற்பியல் சார்.

"குடிங்க டீச்சர். ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவ எனக்கு விட்டுக் குடுத்துருங்க."

"உங்களுக்கு என்னங்க சார் அவசரம்? காரை மாத்தப் போறீங்களா?" என்றேன். நின்ற தரையில் என் நாக்குக்கு வலிமை வந்துவிட்டிருந்தது.

அவர் வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காரு போன மாசமே வித்தாச்சுங்க. சர்வீஸ்ல இருக்குதுன்னு சொல்லிக்கிட்டிருக்கறேன். போன்ல ஷேர் வாங்கி வித்துக்கிட்டிருந்தேன். மொதல்ல வந்துது, அப்பறம் போயிருச்சு. போனதப் புடிக்க ஆப்புல கடன் வாங்கினேன். இன்னைக்குப் பொழுதுக்குள்ள ஒண்ணு இருபது கட்டலீன்னா என் போன்ல இருக்கற அத்தன பேருக்கும் திருடன்னு போட்டோ அனுப்புவாங்களாம். பத்தாவது பேரண்ட்ஸ் குரூப்புக்கு நாந்தானுங்க அட்மின்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. ஐந்து வருடமாக ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவர் வீட்டு நாய்க்கு எந்த பிஸ்கட் பிடிக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. அழாமல் என் கதையைச் சொன்னேன். ஆறு மாதச் சம்பளம், அடகு, கவரிங் சங்கிலி, சான்றிதழ். அவர் "அடப் பாவமே, அடப் பாவமே" என்றபடியே கேட்டுவிட்டு வேனுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் டிரைவர் அண்ணன். "மணி அடிச்சிருவாங்க டீச்சர், ஏறுங்க. ஏனுங்க, அப்படி என்னங்க உங்குளுக்குப் பணத்தேவை?" என்றார். ஒருமுறை சொன்ன வாய்க்கு இரண்டாம் முறை கூச்சம் போய்விட்டது. மூன்று மாதச் சம்பளம் கட்டினால்தான் கல்லூரி சான்றிதழைத் தரும் என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள்.

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார். விரலை மடக்கினார். "அவங்க உங்க ஊட்டுக்காரருக்கு ஆறு மாசச் சம்பளம் தரோணும்."

"ஆமா."

"நீங்க அவங்களுக்கு மூணு மாசச் சம்பளம் தரோணும்."

"ஆமா."

"அப்பறம் நீங்க எதுக்குங்க டீச்சர் பணம் கட்டோணும்? அவங்கதான் மூணு மாசம் பாக்கி."

பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பற்றையும் வரவையும் நேர்செய்யச் சொல்லிக் கொடுப்பவள் நான். என் கணவர் முனைவர் பட்டம் வாங்கியவர். எட்டாவதோடு ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு மூன்று விரலில் தெரிந்தது, எங்கள் இருவருக்கும் ஆறு மாதமாகத் தோன்றவில்லை. சம்பளம் வராததை வெட்கமென்று ஒரு பெட்டியில் பூட்டிவிட்டோம். கட்ட வேண்டியதைப் பயமென்று இன்னொரு பெட்டியில் பூட்டிவிட்டோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. வேன் முழுக்கச் சிரித்தது. நானும் தடுப்புச்சுவரில் சாய்ந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வேன் கிளம்பியதும் ஒரு விசித்திரம் நடந்தது. கணக்கு டீச்சர் மெதுவாக, "எனக்கு மனைக் கடன் மட்டும் ஒம்போது லட்சம் நிக்குதுங்க" என்றார். "எனக்குப் பதினொண்ணு" என்றது இன்னொரு குரல். "மக கல்யாணக் கடன், பதினாலு." டிரைவர் அண்ணன், "பதினாலு லட்சம் ஒரு தரம்" என்றதும் வேனே குலுங்கியது. இத்தனை வருடம் பேசாததை எல்லாம் நாலு வளைவுக்குள் ஏலம் விட்டோம். கடன் அதிகமாகச் சொன்னவருக்கு அதிகக் கைதட்டல். பின்சீட்டு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த நாலு வளைவிலும் குமட்டவே இல்லை. எழுபதாவது பலகை போனதும் டிரைவர் அண்ணன் அறிவித்தார்: "சீட்டு சாருக்கு, தள்ளு அறுபதாயிரம். இந்த மாசம் ஆளுக்கு ஏழாயிரந்தானுங்க." எல்லோருக்கும் சந்தோஷம். இறங்கி அவரவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விரலை மடக்கிக் காட்டினேன். அவரும் தன் விரல்களை மடக்கிப் பார்த்தார். "இது எப்படித் தோணாம போச்சு?" என்றார். "யாருகிட்டயாச்சும் சொல்லியிருந்தா அவங்களுக்காச்சும் தோணியிருக்குமுங்க" என்றேன். சனிக்கிழமை இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனோம். எனக்குத் தர வேண்டிய ஆறு மாதச் சம்பளத்தில் மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டு, சான்றிதழையும் மீதி மூன்று மாதத்தையும் கொடுங்கள் என்று அவர் பேரில் ஒரே ஒரு பக்கக் கடிதம். மேலாளர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். மத்தியானத்துக்குள் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. மீதி மூன்று மாதம் அக்கவுண்ட்ஸில் இருக்கிறதாம். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை வேனில், முதல் வளைவுக்கு முன்பே அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். என் கணவர் இன்றைக்குப் புது வேலையில் சேருகிறார் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். பின்சீட்டிலிருந்தும் கைதட்டல் வந்தது. பெரிய கடிகாரம் இல்லாத கை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏல நாளன்று இரண்டாவது வளைவில் இயற்பியல் சார் ஐந்தாயிரம் என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தால் அவர் கைக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் போயிருக்கும். போனது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எனக்குத் தேவையே இல்லாத பணத்துக்காக நான் கேட்டுக் கேட்டு ஏற்றிய ஐம்பத்தைந்தாயிரம் அவர் வயிற்றிலிருந்து போயிற்று. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மனம்விட்டுப் பேசிச் சிரித்தோமே, ஏலத்தை முதலிலிருந்து நடத்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் நிலைமை தெரிந்த ஒரே ஆளான எனக்கும் தோன்றவில்லை. ஆளுக்கு மூவாயிரம் மிச்சமாகும்போது சில விஷயங்கள் தோன்றாமல் இருப்பது சுலபம்.

எனக்குக் குறைந்த மூவாயிரத்தை மறுநாள் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, இடைவேளையில் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், நான் அன்னைக்குக் கேக்காம இருந்திருந்தா உங்களுக்கு அம்பத்தஞ்சாயிரம் மிச்சமாயிருக்கும்."

"தெரியுமுங்க டீச்சர். எனக்குக் கழித்தல் வருமுங்க" என்றார், சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டே. "விடுங்க. உங்களுக்கு மட்டும் முன்னாலயே தெரிஞ்சா கேட்டீங்க?"

கவரை மேசைமேல் வைத்தேன். "இது எனக்கு வந்த மூவாயிரம். நீங்க வெச்சுக்கணும்."

அவர் வேண்டாம் என்பார், நான் வற்புறுத்துவேன், அவர் மறுபடி தள்ளுவார், கடைசியில் கவரை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிவிடலாம் என்றுதான் உள்ளூர நினைத்திருந்தேன். சம்பளக்காரர்களுக்குள் அப்படித்தான் நடக்கும். இருபது பேருக்கு டீ வாங்கிக் கொடுக்கிற மனிதர் வேறு.

அவர் கவரைப் பிரித்தார். ஆறு நோட்டையும் எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டார்.

"ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றார். "இன்னைக்கு ஊட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருதுங்க."